பயிர்க் காப்பீடும் இ-மைக்ரேட்டும்: கடலூர் விவசாயி ஒரே மேசையில் வாங்கும் இரண்டு சேவைகள், ஒரு மதிப்பாய்வு

காட்டுமன்னார்கோவில், குமராட்சி, புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று கடலூர் மாவட்டத்தின் டெல்டா ஒன்றியங்களில் எந்தப் பொது சேவை மையத்துக்குப் போனாலும் இரண்டு விண்ணப்பங்களை ஒரே கணினியில் ஏற்றுவார்கள். சம்பா நடவு முடிந்ததும் பயிர்க் காப்பீடு. அறுவடை முடிந்து கடன் கணக்கைப் பார்த்த பிறகு பாஸ்போர்ட். இரண்டையும் கேட்டு வருவது பெரும்பாலும் ஒரே குடும்பம்: அப்பா பெயரில் காப்பீடு, மகன் பெயரில் பாஸ்போர்ட். அதனால் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தையும், வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தையும் இங்கே சேர்த்தே மதிப்பிடுகிறோம். முதல் சேவை சொன்னபடி பணம் கொடுத்தால், வெளிநாடு போவதா வேண்டாமா என்பதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யலாம். அது கைவிட்டால் வட்டிக்காரர் கெடு வைக்கிறார், மகன் இரண்டாவது சேவையின் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறான்.

முதலில் பயிருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். 2020 நவம்பரில் நிவர் புயல், அடுத்த வாரமே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களை மூழ்கடித்த புரெவி மழை, அது வடிந்ததும் 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற கதிரில் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை வெள்ளம் கடலூர் வரை வயல்களையும் வீடுகளையும் மூடியது. பாகூர் பக்கமும் தப்பவில்லை.

புயல் செய்தியில் வரும். செய்தியில் வராத சேதமும் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களில் 1992 முதல் 2003 வரை எடுத்த அளவுகளை 2004இல் வெளியிட்டது. கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. பகலில் இலை சேர்த்து வைக்கும் மாவுச்சத்தைச் சூடான இரவில் பயிரே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடுவது இதற்கு ஒரு காரணம். பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர். கடலோரத்தில் வெள்ளாறு, உப்பனாறு வழியாக ஏறும் உவர்நீர் இன்னொரு பக்கம். இவற்றுக்குப் படம் எடுக்க ஒன்றுமில்லை. விளைச்சல் ஐந்து மூட்டை, ஆறு மூட்டை என்று குறையும், நிவாரணப் பட்டியலில் பெயர் வராது.

சம்பா மூழ்குவதிலும் கட்டம் முக்கியம். தூர் கட்டும் பருவத்தில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றால், தெளிந்த தண்ணீராக இருக்கும்பட்சத்தில் பயிர் பிழைக்கும். வண்டல் கலந்த கலங்கல் நீர் என்றால் இலை மேல் சேறு படிந்து வெளிச்சம் இறங்காது, வடிந்த மறுநாள் குருத்தைப் பிடித்து இழுத்தால் அழுகிய அடியோடு கையில் வரும். சி.ஆர். 1009 சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகம் இந்தக் கட்டத்தில் இரண்டு வாரம் வரை தாங்கும். கதிர் வந்த பிறகு அந்தக் குணம் உதவாது. பால் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்த கதிர் மூன்று நாள் ஈரத்தில் கிடந்தால் மணி கறுக்கும். முற்றிய கதிர் என்றால் வயலிலேயே முளை விடும். முளைத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வெளி வியாபாரி கேட்கும் விலை அறுவடை இயந்திர வாடகைக்கே சரியாகிவிடும்.

இனி காப்பீட்டுக்கு வருவோம்.

2016 காரீஃபில் (மழைக்காலச் சாகுபடிப் பருவம்) தொடங்கிய திட்டம் இது. 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பாக ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காவிட்டால் பிரீமியம் பிடித்தே விடுவார்கள். விவசாயியின் பங்கு காரீஃப் தானியத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், பணப்பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. தமிழ்நாட்டில் சம்பாவை ராபியாகக் கொள்வதால் 1.5 சதவீதக் கணக்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்தால் பிரீமியம் 540 ரூபாய். விலை என்று பார்த்தால் இதைவிட மலிவான பாதுகாப்பு சந்தையில் கிடையாது. அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பதிவுக்கு நடப்புப் பருவ அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற பதிவேட்டு நகல்), சிட்டா (நில உரிமை நகல்), ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் போதும். சம்பாவுக்கு வழக்கமான கடைசித் தேதி நவம்பர் 15. மழை வந்தால் சில வருடம் நீட்டிப்பார்கள், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கடைசி மூன்று நாள் சர்வர் படுத்துவிடும், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலுக்குக் கூட்டம் நிற்கும். பொது சேவை மையத்துக்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே தருகிறது, பிரீமியத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. ரசீது கையில் வந்ததும் அங்கேயே நின்று நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: சர்வே எண்ணும் உட்பிரிவும், பரப்பு ஏக்கரிலா ஹெக்டேரிலா என்பது, வருவாய் கிராமத்தின் பெயர், வங்கிக் கணக்கு எண். கிராமத்தின் பெயரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள், ‘வடக்கு’, ‘தெற்கு’ என்ற ஒட்டு மட்டும் மாறி இருக்கும். பட்டியலில் முதலில் வருவதை மையத்தில் தட்டிவிடுவார்கள். இழப்பீடு கிராமவாரியாக வருவதால், தவறான கிராமத்தில் பதிந்த பிரீமியம் வீண்.

இந்தத் திட்டம் எப்படி அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது உங்கள் வயலைக் காப்பீடு செய்வதில்லை. உங்கள் கிராமத்தின் அல்லது பிர்காவின் (பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்) சராசரி விளைச்சலைக் காப்பீடு செய்கிறது. கிராமம் அலகு என்றால் குறைந்தது 4 பயிர் அறுவடைப் பரிசோதனை, பிர்கா என்றால் 10. எந்த சர்வே எண் என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, நான்கு மூலையிலும் குச்சி நட்டு, கயிற்றுக்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஏக்கரில் 162இல் ஒரு பங்கு. ஆகவே தராசில் ஒரு கிலோ கூடினால் ஏக்கர் கணக்கில் 162 கிலோ கூடும். நான்கு சோதனையின் சராசரியில் 40 கிலோ. கயிற்றின் மேல் விழுந்த கதிரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா, ஈரப்பதம் எவ்வளவு கழிப்பது என்பதெல்லாம் பணம். விவசாயிகள் அருகே நின்று பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் பல கிராமங்களில் சோதனை நடக்கும் தேதி, குலுக்கலில் எண் விழுந்த வயல்காரருக்கு மட்டும்தான் தெரிகிறது.

அடுத்தது உத்தரவாத மகசூல். கடந்த 7 வருடங்களில் சிறந்த 5 வருடங்களின் சராசரியை எடுத்து, அறிவிக்கப்பட்ட விகிதத்தால் (70, 80 அல்லது 90 சதவீதம்) பெருக்குவார்கள். சோதனையில் கிடைத்த மகசூல் அதைவிட எவ்வளவு சதவீதம் குறைவோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் இழப்பீடு. கற்பனையாக ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். சிறந்த ஐந்து வருடங்கள் ஏக்கருக்கு 2,300, 2,250, 2,200, 2,150, 2,100 கிலோ. சராசரி 2,200. விகிதம் 80 என்றால் உத்தரவாத மகசூல் 1,760 கிலோ. இந்த வருடம் வெள்ளத்தில் கிராம சராசரி 1,320. குறைவு 440 கிலோ, அதாவது 25 சதவீதம். 36,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய் வரும். உங்கள் வயல் தாழ்வான பள்ளக்கட்டு, ஒரு மணி கூட மிஞ்சவில்லை என்றாலும் அதே 9,000. மேட்டு வயலில் நன்றாக விளைந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் 9,000.

இதில் பருவநிலை மாற்றம் நேரடியாகக் கைவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஏழில் ஐந்து என்ற விதி, ஏழு வருடத்தில் இரண்டுதான் கெட்ட வருடம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அதே கிராமத்தில் இன்னும் இரண்டு வருடம் மூழ்கி, ஏழில் மூன்றுதான் நல்ல வருடம் என்று ஆகட்டும்: 2,300, 2,200, 2,100, மீதியில் சிறந்தவை 1,300, 1,200. சராசரி 1,820, உத்தரவாதம் 1,456 கிலோ. இப்போது மறுபடி 1,320 கிலோ விளைந்தால் குறைவு 136 கிலோதான், இழப்பீடு சுமார் 3,360 ரூபாய். வயலில் அதே நஷ்டம், கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அடிக்கடி அடி வாங்கும் கிராமத்துக்குக் காப்பீடு தானாகவே மெலிந்துபோகிறது. எந்த ஊர் ஆட்களுக்கு இது அதிகம் தேவையோ அந்த ஊரில்தான் இது சுருங்குகிறது. இந்தத் திட்டத்தின் கணக்கு விதியில் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறோம். பிரீமியம் மானியத்தை எவ்வளவு ஏற்றினாலும் இது சரியாகாது. வெள்ள வருடங்களைக் கணக்கிலிருந்து முழுதாக விலக்கினால்தான் சரியாகும்.

தனி வயல் இழப்புக்கு ஒரு வழி இருக்கிறது: ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் தீ, வெள்ளம் தேங்குதல். ஆனால் நெல் தண்ணீரில் வளரும் பயிர் என்று சொல்லி, 2018இல் வெள்ளம் தேங்கும் இழப்பை நெல்லுக்கு நீக்கிவிட்டார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நெல் தவிர வேறு எதுவும் நிற்காத ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அதை மீண்டும் சேர்ப்பதாக அறிவித்தது, 2026 காரீஃப் முதல் நடைமுறை. உங்கள் பருவத்துக்கான மாநில அறிவிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். இருந்தால், தண்ணீர் ஏறிய 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவிக்க வேண்டும். படம் வயலுக்குள் நின்று, இருப்பிட வசதி ஆன் செய்து எடுத்ததாக இருக்க வேண்டும். புயல் நேரத்தில் மின்சாரமும் டவரும் போய்விடும் என்பதால் 72 மணி நேரத்தில் பாதி அதிலேயே கழியும். மழை எச்சரிக்கை வந்த அன்றே செயலியில் உள்நுழைந்து, பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றி வையுங்கள். அறுத்து வயலில் பரப்பிய நெல்லுக்கும் 14 நாள் வரை புயல் மழை, பருவம் தவறிய மழைப் பாதுகாப்பு உண்டு. ஜனவரி மழைக்கு இது பொருந்தும், பலருக்கு இது தெரிவதே இல்லை.

குத்தகை விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். சிதம்பரம் வட்டாரத்தில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரர் நிலம் என்று வாய்மொழிக் குத்தகை ஏராளம். திட்ட விதியில் குத்தகைதாரரும் சேரலாம். நடைமுறையில் நில உடைமையாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடங்கலில் பெயர் ஏறும். அவர் போடத் தயங்குவார். கடைசியில் நட்டவர் ஒருவர், இழப்பீடு வாங்குபவர் வேறொருவர். கூலி வேலை செய்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் கிடையாது. நடவும் களையும் அறுப்பும் போனால் போனதுதான்.

மரப் பயிருக்கு வந்தால், இந்தத் திட்டம் பண்ருட்டிக்கு ஏற்றதே இல்லை. தானே புயலில் சாய்ந்த முந்திரியும் பலாவும் ஒரு பருவ விளைச்சல் இல்லை. ஒட்டு முந்திரி மூன்றாம் வருடம் காய்க்கத் தொடங்கினாலும் முழு மகசூலுக்கு ஏழெட்டு வருடம் ஆகும். பல்லாண்டுப் பயிருக்கு அரசு நிவாரணம் ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். ஏக்கருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழெட்டு வருடத்தின் வருமானத்துக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது.

பேரிடர் நிவாரணத்தையும் காப்பீட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று வருவாய்த்துறையும் வேளாண் துறையும் கணக்கெடுத்தால் பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு சுமார் 6,880. இது காப்பீடு செய்யாதவருக்கும் உண்டு. ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடாது.

ஆனால் நடைமுறையில் எல்லாக் குறையையும்விடப் பெரியது தாமதம். விளைச்சல் விவரம் வந்த 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. 2024 காரீஃப் முதல் தாமதத்துக்கு நிறுவனங்கள் 12 சதவீத வட்டி தர வேண்டும் என்றும் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் விளைச்சல் விவரம் போய்ச் சேருவதும், மாநிலப் பங்கு மானியம் கட்டப்படுவதும் தள்ளிப்போனால் அந்த 21 நாள் தொடங்குவதே இல்லை. சம்பா தையில் முடிகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து அடுத்த சாகுபடிக்கு நிலம் கலக்கும்போதும் போன சம்பா இழப்பீடு வரவில்லை என்பது இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கும் புகார். நட்டது முதல் அறுப்பு வரை ஏக்கருக்கு முப்பதாயிரத்தை நெருங்கும் செலவு. அதில் நகைக் கடனும் தனியார் வட்டியும் இருக்கும். வட்டிக்காரர் விளைச்சல் விவரத்துக்காகக் காத்திருக்க மாட்டார். மாசியிலிருந்து ஆடி வரையிலான அந்த இடைவெளியில்தான் ‘சிங்கப்பூர்ல ஆள் எடுக்கறாங்களாம்’, ‘துபாய் விசா ஒண்ணு இருக்கு’ என்ற பேச்சு வீட்டுத் திண்ணைக்கு வருகிறது.

வெளிநாடு போவதெல்லாம் பருவநிலையால் என்று சொன்னால் அது பொய். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சபுராளிக் (கடல்கடந்து பிழைக்கப் போகிறவர்) குடும்பங்களின் கடல்கடந்த தொடர்பு தலைமுறைகள் பழையது. சம்பள வித்தியாசம் மட்டுமே இழுத்துப் போகிறவர்களும் நிறைய. 2015இல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வுக் கணக்கெடுப்பு சுமார் 22 லட்சம் தமிழர்கள் வெளிநாட்டில் இருப்பதாகக் கணித்தது. சிங்கப்பூர், அமீரகம், சவுதி முன்னணியில் இருந்தன. பயிர் நஷ்டம் அந்தப் பழைய பாதையில் புது ஆட்களைத் தள்ளுகிறது என்பதுதான் சரி. இதற்கு வெளிநாட்டிலிருந்து நல்ல சான்று உண்டு: மெக்சிகோவில் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தால் கூடுதலாக மக்கள்தொகையில் 2 சதவீதம் பேர் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறார்கள் என்று 2010இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் பொருளியலாளர்கள் கட்டனியோ, பெரி இருவரும் 2016இல் 115 நாடுகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வெப்பம் கூடினால் நடுத்தர வருமான நாடுகளிலிருந்து போகிறவர்கள் கூடுகிறார்கள், மிக ஏழை நாடுகளிலிருந்து போகிறவர்கள் குறைகிறார்கள். டிக்கெட் வாங்கக் கூடப் பணம் மிஞ்சுவதில்லை என்பதே காரணம். கடலூரில் இதைக் கிராமத்துக்குள்ளேயே பார்க்கலாம். மூன்று ஏக்கர்காரர் மகன் நிலத்தை அடகு வைத்துத் துபாய் போகிறான். அந்த நிலத்தில் களையெடுத்தவர் சென்னைக்கோ திருப்பூருக்கோ போகிறார், அல்லது நூறு நாள் வேலைக்குக் காத்திருக்கிறார். உலக வங்கி 2021இல் சொன்ன 2050க்குள் 21.6 கோடி பேர் என்ற கணக்கு, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்வோரைப் பற்றியது. அதை வெளிநாட்டு எண்ணிக்கையாக எடுத்து எழுதுவது தவறு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் வெள்ளமும் வறட்சியும் காரணமாகவே இல்லை, ஆகவே பயிர் இழந்தவர் வேலை விசாவில்தான் போக முடியும்.

அந்த வேலை விசாவுக்கான சேவைதான் இ-மைக்ரேட்.

1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ (குடிபெயர்வு அனுமதி தேவை) வகை. வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக அனுமதி வேண்டும். முதலாளியோ பதிவு பெற்ற ஏஜெண்டோ வேலை விவரம், சம்பளம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றுவார். தொழிலாளி கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் 200 ரூபாய். கூடவே பிரவாசி பாரதிய பீமா காப்பீடு: 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி, விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம். பயணத்துக்கு முந்தைய பயிற்சி இலவசம். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 35,400. ரசீது கட்டாயம். ஏஜெண்டின் உரிம எண்ணைத் தளத்தில் போட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா, இடைநிறுத்தப்பட்டதா என்று யாரும் பார்க்கலாம், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். தளம் தெளிவானது, வடிவமைப்பில் பெரிய குறை இல்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவளக் கழகம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது, அதன் வேலை அறிவிப்புகளையும் பார்த்து வரலாம்.

அப்படியானால் குறை எங்கே? நம் ஊர்ப் பையன்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு தேறியவர்கள். அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி தேவையே இல்லை. சிங்கப்பூரோ 18 நாடுகள் பட்டியலில் இல்லை. எனவே இந்தக் காப்பு ஏற்பாடு முழுவதும் இவர்களைத் தொடாமல் போய்விடுகிறது. எல்லோரும் பதிய வேண்டும் என்று 2018 நவம்பரில் வந்த அறிவிப்பும் நிறுத்திவைக்கப்பட்டது. விரும்பினால் பதியலாம் என்ற அளவில் இருக்கிறது, பதியுங்கள். படிப்பு கூடியதால் பாதுகாப்பு குறையும் இந்த ஏற்பாட்டை அரசு மாற்றியே ஆக வேண்டும்.

சப்-ஏஜெண்ட் என்று சட்டத்தில் ஒருவர் கிடையாது. ஊருக்கு வந்து பணம் வாங்குபவர் பெரும்பாலும் அவர்தான். ஒன்று, ஒன்றரை லட்சம் கேட்பார், ரசீது தர மாட்டார், ‘விசிட் விசால போ, அங்க மாத்திக்கலாம்’ என்பார். விசிட் விசாவில் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, பீமாவும் இல்லை, சம்பளம் தராவிட்டால் கேட்க ஆதாரமும் இல்லை. தாய்லாந்து வழியாக மியான்மர், கம்போடியா இணைய மோசடிக் கூடங்களில் சிக்கியவர்களையும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள்.

ஒரு கணக்கு. ஒன்றரை லட்சம் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டும். 35,400க்கு 1,062 ரூபாய். மாதம் 1,000 திர்ஹம் சம்பளம், ஏறத்தாழ 23,000 ரூபாய், சாப்பாடும் போனும் கழித்தால் 16,000 மிஞ்சும் என்று வைப்போம். முதல் வகையில் வருடம் முழுக்க உழைத்தும் அசல் பாதிக்கு மேல் நிற்கும், ஏனென்றால் வீட்டுச் செலவும் அடுத்த சம்பாச் செலவும் அதே பணத்திலிருந்துதான் போக வேண்டும். இரண்டாவது வகையில் நாலைந்து மாதத்தில் கடன் தீரும். காப்பீட்டுப் பணம் தையோடு கைக்கு வந்திருந்தால், உரிமம் உள்ள ஏஜெண்டின் வேலை அறிவிப்பு வரும்வரை இரண்டு மாதம் காத்திருக்கலாம். வராததால் அவசரம், அவசரத்துக்குத்தான் அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் கூடுதல் விலை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: அடிப்படைச் சம்பளமும் படியும் தனித்தனியாக இருக்கிறதா, ஓவர்டைம் எந்தத் தொகையின் மேல் கணக்கு, திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு, தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா. கையெழுத்திட்ட பிரதியை மனைவியின் போனில் படமாக வையுங்கள். அங்கே போனதும் குறைந்த சம்பளத்தில் இன்னொரு தாளில் கையெழுத்து கேட்பது பழைய தந்திரம். வெயிலைப் பற்றியும் தெரிந்து போங்கள். திறந்தவெளி வேலைக்கு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4 வரை. இந்த நேரத்தில் வேலை வாங்கினால் புகார் செய்யலாம். வெளிநாட்டு இந்தியர்களுக்கான உதவி எண், இந்தியாவுக்குள்ளிருந்து: 1800 11 3090.

மதிப்பெண் கேட்டால், பயிர்க் காப்பீட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை: விலைக்கும் அரசு மானியத்துக்கும் கொடுத்தது, தாமதத்துக்கும் ஏழில் ஐந்து விதிக்கும் குறைத்தது. குறை இருந்தும் ஒரு சம்பா கூட விடாமல் பதியுங்கள். 540 ரூபாயில் இதைவிட வேறு வழி இல்லை. இ-மைக்ரேட்டுக்கு, அது தொடும் ஆட்களுக்கு நான்கு. தொடாதவர்களுக்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை.

போகிறவர் கிளம்பும் முன் நிலத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை இரண்டு சேவைகளுமே சொல்வதில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போய் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால், ஏற்கெனவே உள்ள விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகவும் பெறலாம். ஆனால் அந்நியச் செலாவணி விதிப்படி புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. ‘சம்பாதிச்சு வந்து பக்கத்து வயலை வாங்கணும்’ என்ற திட்டம் இருந்தால், ஊரில் இருக்கும் மனைவி அல்லது பெற்றோர் பெயரில்தான் நடக்கும். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும், பி.எம். கிசான் உதவித்தொகை நின்றுவிடும். நிலம் போகிறவர் பெயரில் இருந்து, சாகுபடி மனைவி செய்வதாக இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து அடங்கலில் பயிரிடுபவர் கலத்தில் மனைவி பெயரை ஏற்றுங்கள். காப்பீட்டையும் அவர் பெயரில், அவருடைய வங்கிக் கணக்கில் பதியுங்கள். அடங்கல் மாற நாளாகும் என்பதால் புரட்டாசியிலேயே மனு கொடுத்தால்தான் நவம்பர் 15க்குள் முடியும்.